நான்கில் ஒன்று

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மரபியல் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தின் அடிப்படையான ஒரு கணக்கை நானே தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். அதை என் அக்கா மகளுக்குப் புத்திமதியாகச் சொன்னேன். அவள் நம்பினாள். அதன் பலனை அவளும், அவளைக் கட்டிய என் தம்பியும், அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் அனுபவிக்கிறார்கள். நான் அனுபவிக்கவில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் எதற்கும் "சாரைக் கேளு" என்பார்கள். மருந்துச் சீட்டைக் கொண்டுவருவார்கள். பட்டாவைக் கொண்டுவருவார்கள். தெரியாது என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன்.

வகுப்பிலும் அப்படித்தான். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, அல்லீல், ஜீனோடைப், பீனோடைப், ஹோமோசைகஸ், ஹெட்டிரோசைகஸ் என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும். வரையறையில் ஒரு சொல் பிசகினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். புன்னட் கட்டத்தைப் போட்டு, 3:1, 1:2:1 என்று எழுதி, அடிக்கோடு போடச் சொல்வேன். அதோடு பாடம் முடிந்தது.

ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சார், நாலு குழந்தை பொறந்தா கட்டாயம் ஒண்ணுக்கு வருமா? ரெண்டே குழந்தைன்னா என்ன கணக்கு சார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. "கொஸ்டின் பேப்பர்ல இது வராது, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பையன் கேட்டதுதான் பாடத்தின் உயிர். அவனை உட்காரவைத்தவன் நான்.

அவனுக்கான பதிலை மெண்டல் 1866-இல் அச்சான தன் கட்டுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார். பட்டாணியில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. இந்த எண்களை நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அதே கட்டுரையில், தனிச் செடிகளில் எண்ணிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் சொல்கிறார். ஒரு செடியில் 43 உருண்டை, 2 மட்டும் சுருக்கம். வேறொரு செடியில் 14 உருண்டை, 15 சுருக்கம். ஆயிரக்கணக்கில் எண்ணும்போதுதான் அந்த விகிதம் துலங்கும். ஒரு செடிக்குள் அதை எதிர்பார்க்க முடியாது. ஒரு குடும்பத்தில் பிறப்பதோ இரண்டு, மூன்று பிள்ளைகள். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் இந்தப் பகுதியைப் படிக்கவில்லை. நோட்ஸ் போதும் என்று இருந்துவிட்டேன்.

தம்பிக்கு அக்கா மகளைக் கட்டிவைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது கூடத்தில் நானும் இருந்தேன். நிலம் வெளியே போகாது என்றார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கல்யாணம் புதிதில்லை. அப்படிக் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன. அதனால்தான் ஊர் தைரியமாக இருக்கிறது. ஆனால் நான் பாடம் நடத்தியவன். தாய்மாமனிடம் மறைந்திருக்கும் ஒரு ஒடுங்கு ஜீன் அக்கா மகளிடமும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தைத் தடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அபசகுனமாகப் பேசுகிறான் என்பார்களோ என்று பயந்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

முதல் பையனுக்கு ஒரு வயது ஆவதற்குள் முகம் வெளுத்தது. பால் குடிக்கச் சோர்ந்தான். மண்ணீரல் வீங்கி வயிறு உப்பியது. பெரிய ஆஸ்பத்திரியில் தலசீமியா மேஜர் என்றார்கள். அப்பா அம்மா இருவருமே கேரியர், அதாவது அந்த ஒடுங்கு ஜீனை மறைவாகச் சுமப்பவர்கள். இருவருக்கும் வெளியே ஒரு நோயும் இல்லை. அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அடுத்து உண்டானால் மூன்றாம் மாத வாக்கில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது உண்டானதும் அக்கா மகள் என்னிடம்தான் வந்தாள். "பெரிய மாமா, நாலுல ஒண்ணுன்னாங்களே, அப்படின்னா என்ன?" காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் புன்னட் கட்டம் போட்டேன். நான்கு அறை. ஓர் அறையை மட்டும் பேனாவால் கறுப்பாக்கினேன். "இந்த ஒண்ணுதான் மூத்தவன். அது வந்து முடிஞ்சிடுச்சு. மீதி மூணும் நல்ல கட்டம்மா" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "வயித்துல ஊசி போட்டா கலைஞ்சிடப் போவுது. டெஸ்ட்டெல்லாம் வேண்டாம்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்தத் தாளை மடித்து எடுத்துப் போனாள். சோதனைக்குப் போகவில்லை.

நான் சொன்னது முழுப் பிழை. அந்த நான்கு அறையும் நான்கு குழந்தைகள் இல்லை. ஒரே குழந்தைக்கு உள்ள நான்கு வாய்ப்பு. கோயிலில் திருவுளச்சீட்டு எடுத்தபின், எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டுக் குலுக்குவதுபோல, ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. மூத்தவனுக்கு வந்ததை அது நினைவில் வைத்திருக்காது. இப்படிப்பட்ட தம்பதிக்கு நான்கு குழந்தை பிறந்தால், சரியாக ஒன்றுக்கு மட்டும் நோய் வரும் வாய்ப்பு 42 விழுக்காடுதான். ஒன்றுக்கும் வராமலிருக்க 32 விழுக்காடு. ஒன்றுக்கு மேல் வர 26 விழுக்காடு. பேனாவும் தாளும் இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. நான் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாவது பெண் குழந்தை. அவளுக்கும் மேஜர்.

அவள் பிறந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மடியில் வளர்கிறவள். சோதித்துத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை அவளைப் பெற்றவளுக்கு இருந்தது. அதை நான் பிடுங்கிக்கொண்டேன். இப்போது மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்ற நாள் தவறாமல் மருந்து. சின்னவளுக்கு நரம்பு லேசில் கிடைக்காது. நர்ஸ் புறங்கையைத் தட்டித் தட்டித் தேடும்போது, மூத்தவன் தன் கையால் தங்கை கண்ணைப் பொத்துகிறான். மூத்தவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற, கூடப் பிறந்தவளுடையது பொருந்துமா என்று பார்க்கும் வழியும் அடைந்தது. அவளுக்கே அந்த நோய். தம்பி மாதத்தில் பல நாள் வேலைக்குப் போக முடிவதில்லை. நிலம் வெளியே போகாது என்றார்களே, பாதி போய்விட்டது.

இதற்கு மேல் ஒன்று செய்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். வீட்டுப் பெரியவர்கள் "இவ வயித்து ராசி" என்று அக்கா மகளைப் பேசினார்கள். ஆண் பெண் இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வரும் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவன் நான் ஒருவனே. வாய் திறக்கவில்லை. திறந்தால் காலண்டர் தாள் கதையும் வெளியே வருமே என்ற பயம். "எல்லாம் விதி" என்று நானும் சொன்னேன்.

தம்பி கேரியர் என்றால் அண்ணனான எனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதுவும் தெரியும். ஆனால் என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சோதித்து இருக்கிறது என்று வந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று தள்ளிப் போட்டேன். கல்யாணம் முடிந்த பிறகுதான் போனேன். நான் கேரியர். என் மகளும் கேரியர். மருமகனுக்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. என் பேரப்பிள்ளைகள் தப்பியது அதிர்ஷ்டத்தால். என் நேர்மையால் தப்பவில்லை.

அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "அப்பவே தெரியலேன்னு சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்பு கேட்டேன். அவள் மன்னித்தாளா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு: புன்னட் கட்டம் போடும்போது, அது ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் கணக்கு என்று சொல்லிவிட்டு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும், கல்யாணத்துக்கு முன் இருவரும் தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் இருந்தால் மரபியல் தெரிந்த மருத்துவரிடம் போங்கள். என்னைப் போன்ற வாத்தியாரிடம் போகாதீர்கள். என் தம்பிக்கும் அக்கா மகளுக்கும் மூன்றாவது பிறந்தாலும், அந்தக் குழந்தைக்கும் ஆபத்து நான்கில் ஒன்றுதான்.