பச்சை மலையில் பட்டினி மாதம்

ரயாடர் ஊரைத் தாண்டி ஏலன் பள்ளத்தாக்குச் சாலையில் ஏறினால் வேல்ஸின் நடுமலை முழுக்கப் பச்சையாக விரிகிறது. கீழே பர்மிங்காம் நகரத்துக்குக் குடிநீர் தரும் அணைகள், மேலே ஆடுகள், அதற்கும் மேலே மழை மேகம். நான் பரவசப்பட்டுக்கொண்டிருக்க, தங்கியிருந்த பண்ணை வீட்டு அம்மாள் சிரித்தார். "இதெல்லாம் ஆட்டுக்குத்தான் ஆகும். என் தேனீக்களுக்கு இதில் ஒன்றுமில்லை."

உண்மைதான். காற்றில் மகரந்தம் பரப்பும் புல்லில் தேன் ஏது? மார்ச்சில் வில்லோ மரம், ஏப்ரலில் டேன்டிலயன், மே மாதம் சிகமோரும் ஹாதார்ன் முள்மரமும் பூக்கும். பிறகு ஒரு வெற்றிடம். பெட்டியில் தேனீக்கள் பெருகி வழிகிற ஜூனில் வெளியே அதிகம் பூ இருக்காது. பிளாக்பெர்ரிப் புதர் பூக்கும்வரை சர்க்கரைப் பாகு ஊற்றிக் காப்பாற்ற வேண்டிய ஆண்டுகளும் உண்டாம்.

பெட்டிக்குள் நெரிசல் கூடும் அந்த நாட்களில்தான் கூட்டமும் பிரிகிறது. மழை விட்டு வெயில் அடித்த ஒரு நண்பகலில் பெட்டியின் வாசலிலிருந்து தேனீக்கள் பொங்கி வழிந்தன. வானம் இரைந்தது. சற்று நேரத்தில் எல்லாம் வேலியோர ஹாதார்ன் கிளையில் கொத்தாகத் தொங்கின. அம்மாள் கையுறைகூடப் போடவில்லை. கிளம்பும்போது வயிறு முட்டத் தேன் குடித்திருக்கும், காக்க வீடும் இல்லை, அதனால் கொட்டாது என்றார். நான் முகவலையைக் கழற்றவில்லை; நம்பிக்கை வேறு, மூக்கு வேறு. வெள்ளைத் துணி விரித்து, வைக்கோல் கூடையைக் கீழே பிடித்து, கிளையை ஒரே உதறு. கூடையைத் துணிமேல் கவிழ்த்து, ஓர் ஓரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார். விளிம்பில் சில தேனீக்கள் பின்புறத்தைத் தூக்கிச் சிறகடித்தன. வாசனை விட்டுக் கூட்டாளிகளைக் கூப்பிடுகின்றன என்றால் ராணி உள்ளே இருக்கிறது. மிச்சமும் வரிசையாக நடந்து உள்ளே போயின.

பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் பழைய வேல்ஸ் சட்டங்கள் இதற்கு விலையே வைத்திருக்கின்றன: தாய்க் கூட்டம் 24 பென்னி, முதலில் பிரிந்தது 16, இரண்டாவது 12, மூன்றாவது 8. கணக்குப் பிசகாத சட்டம். முதல் பிரிவில் முட்டையிடும் பழைய ராணியே பாதிக்கு மேற்பட்ட தேனீக்களோடு கிளம்பும். அடுத்தவற்றில் போவது கன்னி ராணி. அது பறந்து போய் இணைசேர நல்ல வெயில் வேண்டும். இந்த மலையில் வெயிலை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்?

பூக்களின் கதையும் மாறியிருக்கிறது. 1952இல் பிரிட்டன் தேன்கள் எந்தப் பூக்களிலிருந்து வந்தவை என்று சோதித்தபோது முதலிடம் வெள்ளைக் குளோவர் செடிக்கு. 2017இல் சேகரித்த தேன்களை வேல்ஸ் தேசியத் தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் டிஎன்ஏ வழியாகப் பார்த்தபோது அந்த இடத்தில் பிளாக்பெர்ரி இருந்தது. உரம் போட்டு வளர்த்து, பூக்குமுன்பே அறுக்கிற புல்வெளியில் குளோவர் எங்கே பூக்கும்? இன்று தேனீக்குச் சோறு போடுவது, விவசாயி வெட்டாமல் விட்ட வேலிதான். அதையும் 'சுத்தம்' செய்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது.

கடைசி வாய்ப்பு ஆகஸ்டில், மேட்டில் ஹெதர் புதர் பூக்கும்போது. பெட்டிகளை டிரெய்லரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆனால் ஆடு மேய்ந்து மேய்ந்து பல சரிவுகளில் ஹெதர் போய் வெறும் புல் மிஞ்சியிருக்கிறது. ஈரமான ஆகஸ்ட் என்றால், போனதைவிட எடை குறைந்து திரும்பும் பெட்டிகளும் உண்டு. கிடைத்தாலோ, அந்தத் தேன் அடையிலேயே அல்வாவாக உறைந்து நிற்கும். சுழற்றும் இயந்திரத்துக்கு மசியாது, அழுத்தித்தான் பிழிய வேண்டும்.

போவதானால் ஆகஸ்ட் பின்பாதியில் போங்கள். ஹெதர் தேன் என்று யாராவது விற்றால் பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். சட்டென்று ஓடினால் வாங்காதீர்கள்.