அரைமணியில் அம்பேல்!

அமெரிக்காவின் போர்ட்லண்டை ஒட்டிய பீவர்டன் பக்கம் போனால், 'வின்டேஜ்டெக்' மியூசியத்தைத் தவறவிடாதீர்கள். டெக்ட்ரானிக்ஸின் பழைய ஆசிலாஸ்கோப்புகளுக்கென்றே ஓர் இடம்!

1960-களின் '547' மாடலுக்கு ஒரு வியாதி உண்டு. ஆன் பண்ணியதும் திரையில் கோடு ஜோர். அரைமணி சூடேறினால் உப்பி, மங்கி, அம்பேல் - லஞ்சுக்கு அப்புறம் ஆபீஸ் சீட் மாதிரி! வால்வை மாற்றினால் சரியாகும், மறுபடி மறையும். மாற்றுகிற நேரத்தில் பெட்டி ஆறிவிடுகிறதே, அதுதான் வைத்தியம்! நிஜக் குற்றவாளி, எபாக்ஸி பூசிய ஹை-வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர். சூடேறினால் சக்தியை அதுவே விழுங்கிவிடும். புதிதாகச் சுற்றிப் போட்டால்தான் விமோசனம்.

இந்த வகைப் பெட்டிகளுக்குள் வெள்ளி கலந்த சால்டர் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். பின்னால் ரிப்பேர் பண்ணப்போகிற யாரோ ஒருவருக்காக, தயாரித்தவர்களே வைத்தது!