சாந்தம் என்னும் வலிமை

சாந்தகுணத்தைக் கோழைமை எனக் கருதுவோர் உளர். இயேசுவின் மலைப்பொழிவோ அதனைப் பேறுகளுள் ஒன்றாக வைக்கிறது. அதன் பொருளை எனக்கு விளக்கியது எங்கள் முத்துக்குளித்துறையின் வரலாறே.

1542இல் இக்கடற்கரைக்கு வந்தவர் புனித சவேரியார். பரதவ மக்களை வருத்திய போர்த்துக்கீசியத் தளபதி கோஸ்மே தே பைவாவின் கொடுமைகளைத் தம் கடிதங்களில் அவர் வன்மையாகக் கண்டித்தார். 1544 செப்டம்பரில் தூத்துக்குடி தாக்கப்பட்டது. அத்தளபதி கப்பலையும் வீட்டையும் இழந்து, அருகிலுள்ள தீவுகளில் ஒதுங்கினான். அதனை அறிந்த சவேரியார் மகிழவில்லை. குடிநீரும் உணவும் ஏற்றிய படகுகளுடன் விரைந்து உதவுமாறு தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதினார்.

அநீதியைக் கண்டபோது அவர் வாய் மூடவில்லை. அதனைச் செய்தவன் துயருற்றபோது கையும் மூடவில்லை. வள்ளுவரின் இன்னாசெய்யாமை அதிகாரம் போற்றும் பண்பும் இதுவே. பழிவாங்க வாய்ப்பிருந்தும் உதவ முன்வரும் உள்ளுரமே சாந்தம்.