எருக்கஞ்செடி கற்பித்த பாடம்

"சாமி, இலையுதிர்காலம் நம்ம ஊருக்கு எப்ப வரும்?"

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில், ஞாயிறு மறைக்கல்வி முடிந்து வெளியே வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நம்மிடம் கேட்ட வினா இது. அவளுடைய ஆங்கிலப் பாடநூலிலே, செப்டம்பர் மாதத்தில் இலைகள் சிவந்து உதிர்வதுபோல் ஒரு படம் இருந்தது. அவள் வீட்டு வாசலிலோ புளியமரம் பச்சைப்பசேலென்று நின்றது. நூல் பொய்யா, மரம் பொய்யா என்பதே அவளது கவலை.

அன்பு வாசகர்களே, இரண்டுமே பொய்யல்ல. குளிர்நாடுகளில் பகற்பொழுது சுருங்கிக் குளிர் நெருங்கும்போது மரங்கள் இலையுதிர்க்கின்றன. நம் மலையடிவாரக் காடுகளில் இலையுதிர்வது தை, மாசிக்குப் பின், நீர் வறளும்போதுதான். நம் முன்னோர் ஆவணி, புரட்டாசியைக் கார்காலம் என்றும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர்காலம் என்றும் வகுத்தனர். ஆகவே பிறர் நாட்டில் இலை விழும் நாட்களில் நம் மண்ணில் தளிர் எழுகின்றது.

இதை வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவதே நன்றெனக் கருதி, அடுத்த சனிக்கிழமை மாலை இருபது பிள்ளைகளோடு வாய்க்கால் கரைக்குப் புறப்பட்டோம். கம்பம் பள்ளத்தாக்கின் புரட்டாசி மாலை இனிமையானது. ஆடியில் சீறிய மேல்காற்று தணிந்திருந்தது. மேற்கு மலைகள் தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் தாமே வாங்கிக்கொள்ள, நம் பள்ளத்தாக்கு மழைமறைவில் நிற்கின்றது. ஆயினும் 1895-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து நம் வயல்களை நனைக்கின்றது. அந்நீரால் விளைந்த முதல்போக நெல், கதிர் முற்றி நின்றது. கிழக்கே மேகமலையின் முகட்டில் மேகம் தங்கியிருந்தது.

கரையோரத்தில் கிலுகிலுப்பைச் செடிகளைக் கண்டதும், பிள்ளைகள் காய்ந்த காய்களைக் குலுக்கி ஒலியெழுப்பி மகிழ்ந்தனர். அதே செடிகளில் நீல வரியன் பட்டாம்பூச்சிகள் மொய்த்திருந்தன. சற்றுத் தள்ளி ஓர் எருக்கஞ்செடி. அதன் இலைகளில் கருப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய் வரியிட்ட புழுக்கள். வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழுக்கள் அவை. எருக்கம்பாலின் நஞ்சைத் தம் உடலிற் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றைத் தின்னத் தயங்குகின்றன.

இங்கேதான் நாம் பிழை செய்தோம். "ஆளுக்கொரு புட்டியில் பிடித்து வாருங்கள், பட்டாம்பூச்சியாவதைப் பார்ப்போம்" என்றோம். பங்கு இல்லத் திண்ணையில் ஏழு புட்டிகள் வரிசையாக அமர்ந்தன. உணவுக்கு, கைக்கெட்டிய முருங்கைக் கீரையைப் பறித்துப் போட்டோம். மூன்றாம் நாள் காலை ஏழும் அசைவற்றுக் கிடந்தன.

"சாமி, அது பட்டினி கிடந்தா செத்துப்போச்சு?" என்றாள் அச்சிறுமி. மழுப்பிவிட மனம் துணிந்தது. அவள் கண்களைக் கண்டபின் இயலவில்லை. "ஆம் அம்மா, தவறு எம்முடையது" என்றோம்.

அப்போது பின்னால் நின்ற சிறுவன் ஒருவன் மெல்லச் சொன்னான்: "அது எருக்கெலைதான் சாமி திங்கும். எங்க தோட்டத்து ஓரத்துல பாத்திருக்கேன்." மறைக்கல்வியில் எப்போதும் கடைசி வரிசையில் அமர்பவன். ஈராண்டுகளாக அவனிடம் நாம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்று அவனே நமக்கு ஆசிரியனானான்.

அவன் யோசனைப்படி, இம்முறை எதையும் பறிக்காமல், நாள்தோறும் மாலையில் அச்செடியைப் போய்ப் பார்த்துவருவது என முடிவாயிற்று. எஞ்சியிருந்த ஒரு புழு, இலையடியில் தலைகீழாய்த் தொங்கிப் பச்சைக் கூடானது. ஆனால் அறுவடைக்கு முன் கரையைச் செதுக்கித் தீயிடப்போவதாகச் செய்தி வந்தது. பிள்ளைகள் நம்மை இழுத்துக்கொண்டு வயற்காரரிடம் ஓடினர். "ஐயா, அந்த ஒரு செடியை மட்டும் விடுங்க" என்று கெஞ்சினர். அவர் சிரித்தார், பின்பு தம் தோளிலிருந்த துண்டின் ஓரத்தைக் கிழித்து, அடையாளமாக அச்செடியில் கட்டினார்.

ஒரு வாரத்திற்குப் பின், ஒரு சனிக்கிழமை காலை, கூட்டின் சுவர் வழியே செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. சிறிது நேரத்தில் கூடு பிளந்தது. ஈரச் சிறகை உலர்த்தி அது பறக்கும்வரை இருபது பிள்ளைகளும் ஒரு சொல்லும் பேசவில்லை. கோயிலிலே அத்தகைய அமைதியை நாம் கேட்டுப் பெற்றதில்லை.

பெற்றோர்களே, 2019-ஆம் ஆண்டு நம் அரசு 'தமிழ் மறவன்' என்னும் பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. 2021-இல் மேகமலைக் காடு திருவில்லிபுத்தூர்க் காட்டோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. இவை பெரியோர் செய்யும் காவல். வரப்போரத்தில் ஒரு செடியை விட்டுவைப்பது நம் வீட்டார் செய்யக்கூடிய காவல். இக்கார்காலத்தில் பிள்ளைகளோடு ஒரு மாலை நடந்து வாருங்கள். வாய்க்கால் ஓரத்தில் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். மருந்தடித்த தோட்டத்திற்குள் விடாதீர்கள். எருக்கம்பால் கண்ணிற் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பிள்ளைகள் உங்களுக்குக் காட்டுவர்.

அந்த ஏழு புட்டிகளும் கழுவப்பட்டு நம் அறைச் சன்னலில் இருக்கின்றன. அவற்றை இனி வாய்க்கால் கரைக்கு நாம் எடுத்துச் செல்வதில்லை.