தரிப்பிடம்

மூன்றாம் ஆண்டிலே நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல் என்னும் பாடத்துக்காக எமக்கு ஓர் ஒப்படை தரப்பட்டது. பிறிதொரு நாட்டின் திட்டமிடற் சட்டம் அந்நாட்டின் சிறுபான்மைக் குழுவொன்றை எவ்வாறு நடத்துகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். நான் இங்கிலாந்தின் ஜிப்சிகளையும், 'ட்ரவலர்' எனப்படும் அயர்லாந்து வழிவந்த நாடோடி மக்களையும் தெரிந்துகொண்டேன். அத்தெரிவுக்குப் பெருங் காரணம் எதுவும் இருக்கவில்லை. வேண்டிய நூல்கள் கைக்கெட்டின, அவ்வளவே. ஆயினும் ஒப்படையைக் கையளித்த பின்னரும் அவ்விடயம் என்னை விட்டு அகலவில்லை. ஏன் அகலவில்லை என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 71,000 பேர் தம்மை ஜிப்சிகள் அல்லது ஐரிஷ் ட்ரவலர்கள் எனப் பதிவு செய்துள்ளனர். பழம் பறித்தல், பழைய இரும்பு சேகரித்தல், குதிரை வாணிபம் ஆகிய தொழில்களின் பொருட்டு இவர்களின் முன்னோர் ஊரூராகச் சென்றனர். வீதியோரப் புற்றரைகளும் ஊர்ப் பொதுநிலங்களும் அவர்களின் தரிப்பிடங்களாக இருந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. கரவன் வண்டிகள் தரிக்கும் நிலத்துக்கு உரிமம் வேண்டும். உரிமம் பெறுவதற்குத் திட்டமிடல் அனுமதி வேண்டும் என்றாயிற்று. பொதுநிலங்களில் கரவன்கள் நிற்பதைத் தடுக்கும் அதிகாரமும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தரித்த இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

எரிக் லபொக் என்னும் லிபரல் கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த 1968ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஓரளவு பரிகாரம் தேடியது. தமது பகுதியில் வாழும் அல்லது அங்கு வந்து செல்லும் ஜிப்சிகளுக்குத் தரிப்பிடம் அமைத்துக் கொடுப்பது மன்றங்களின் கடமை என அது விதித்தது. கடமை நிறைவேறிய விதம் பெருமைக்குரியதன்று. குப்பைமேட்டின் அருகிலும் நெடுஞ்சாலையின் ஓரத்திலும் பிறர் விரும்பாத நிலங்களே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்தன. எனினும், "இங்கே நிற்காதே" என்று சொல்பவன் "அங்கே நில்" என்றும் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை ஏற்றுக்கொண்ட சட்டம் அது. 1994ஆம் ஆண்டு அக்கடமை நீக்கப்பட்டது. சொந்தமாக நிலம் வாங்கி, ஏனையோரைப் போல விண்ணப்பித்து அனுமதி பெறுக என்பது அரசின் அறிவுரையாயிற்று.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் அறிவுரை! ஆனால் வீடு கட்ட அனுமதி கிடைக்கக்கூடிய நிலத்தின் விலை இவர்களின் கைக்கு எட்டாது. எட்டும் விலையில் உள்ளது ஊரெல்லைக்கு அப்பாலுள்ள வயல் நிலம். அங்கேயோ நாட்டுப்புற நிலத்தைக் காக்கும் கொள்கை குறுக்கே நிற்கின்றது. பசுமை வலயமாயின் பெரும்பாலும் மிக விசேடமான சூழ்நிலை இருந்தாலன்றி அனுமதி இல்லை. வாழ்விடக் கரவன் ஒன்று, பயணக் கரவன் ஒன்று, குளிக்கவும் சமைக்கவும் ஒரு சிறு கட்டடம் - ஒரு குடும்பம் கேட்பது பெரும்பாலும் இவ்வளவே. மன்றம் மறுத்தால் அமைச்சருக்கு மேன்முறையீடு செய்யலாம். பரிசோதகர் ஒருவர் வந்து பார்த்து, இரு பக்கத்தாரையும் கேட்டுத் தீர்ப்பளிப்பார். சில வேளைகளில் சில ஆண்டுகளுக்கு மட்டும் தற்காலிக அனுமதி கிடைக்கும். அதன் பின்னர்? மீண்டும் விண்ணப்பம்.

இதனால் சிலர் விடுமுறை நாள்களில், அலுவலகம் மூடியிருக்கும் வேளை பார்த்து, நிலத்திற் கல் பரப்பிக் குடியேறிவிட்டுப் பின்னர் விண்ணப்பிக்கின்றனர். இது சட்டமீறல் என்பதில் ஐயமில்லை. அனுமதியின்றித் தன் வீட்டுக்கு ஓர் அறையைக் கூட்டிக் கட்ட முடியாத அயலவர் இதைக் கண்டு சினங்கொள்வதிலும் வியப்பில்லை. எசெக்ஸ் பகுதியிலுள்ள டேல் பாமில், ஒரு பகுதி முன்னர் பழைய இரும்புக் கிடங்காக இருந்த தமது சொந்த நிலத்திலிருந்து ஏறத்தாழ 80 குடும்பங்கள் 2011 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டன. 1985ஆம் ஆண்டு தாம் வாங்கிய நிலத்தில் கரவனில் வாழ அனுமதி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றது. 2001ஆம் ஆண்டு பத்து நீதிபதிகள் அவருக்கு எதிராகவும் ஏழு பேர் சார்பாகவும் நின்றனர். 2015ஆம் ஆண்டில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. முதுமையாலோ நோயாலோ நிரந்தரமாகப் பயணத்தை நிறுத்தியவர், திட்டமிடற் கொள்கையின் கண்ணில் நாடோடியே அல்லர் என வரைவிலக்கணம் மாற்றப்பட்டது. அது பாரபட்சமானது என 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிய பின்னரே, 2023 டிசெம்பரில் பழைய வரைவிலக்கணம் மீண்டது.

இவ்வளவும் ஒப்படையில் எழுதியவை. எழுதாத ஒன்று உண்டு.

மேன்முறையீட்டுத் தீர்ப்புகளை வாசித்தபோது அயலவரின் ஆட்சேபனைகள் என் கவனத்தை ஈர்த்தன. ஒடுங்கிய பாதை, வாகன நெரிசல், வடிகால், கழிவுநீர், நிலக்காட்சியின் அழகு - ஆட்சேபனைகள் அனைத்தும் இடத்தைப் பற்றியவை. ஆள்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த நடையை நான் அறிவேன். அதில் நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

எங்களூர் மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ளது. வேளாண்மை வெட்டு முடிந்ததும் தெலுங்கு பேசும் குறவர் சிலர் பாம்புக் கூடைகளுடன் வந்து குளக்கட்டின் அருகே கூடாரம் அடிப்பர். இம்மக்களுட் பலர் அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையில் நிலையாகக் குடியிருப்பதை அந்நாளில் நான் அறியேன். நான் எட்டாம் வகுப்பிற் படித்தபோது அவர்களை அங்கிருந்து எழுப்பவேண்டும் என ஊரில் ஒரு மனு எழுந்தது. கையெழுத்து அழகாக இருந்தமையால் எழுதும் பணி எனக்கு வந்தது. கோழி களவு போவதாகத் தொடங்கினேன். மாமா தடுத்தார்.

"ஆக்களைப் பத்தி எழுதாத மகன். இடத்தைப் பத்தி எழுது."

எழுதினேன். குளத்து நீர் மாசடையும், கால்நடைகள் செல்லும் வழி தடைப்படும், கட்டு பலவீனமடையும். ஒன்றேனும் பொய்யன்று. ஆனால் அதே குளக்கட்டின் அருகே ஒவ்வோர் ஆண்டும் கோயிற் சடங்கின்போது பத்து நாள்களுக்குக் கடைகள் போடப்பட்டன. அவற்றினால் நீர் மாசடைவதாக எவரும் மனு எழுதியதில்லை. மனுவுக்குப் பதில் வருமுன்னரே குறவர் கூடாரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டனர். எங்கே போயினர் என நான் கேட்கவில்லை. ஊரிலும் எவரும் கேட்டதாக நினைவில்லை.

இங்கிலாந்தின் அந்தக் கிராமத்தவரைக் கொடியவர் என்று எழுத என்னால் இயலவில்லை. அவர்களின் பாதைகள் உண்மையிலேயே ஒடுங்கியவையாக இருக்கலாம். குளத்து நீரும் எங்களுக்கு உண்மையிலேயே பெரிது. ஆனால் ஒரு காரணம் உண்மையாயிருப்பது வேறு, அதுவே நமது காரணமாயிருப்பது வேறு. அந்நிலத்தில் வேறொருவர் வந்திருந்தாலும் இதையே சொல்லியிருப்போமா என்று வினவினால் இவ்விரண்டும் பிரிந்து தெரியும். திட்டமிடல் இடங்களைப் பற்றிய துறை என்றே எமக்குக் கற்பிக்கப்பட்டது. இடமொன்றை மறுக்கும் ஒவ்வொரு தீர்மானத்தின் முடிவிலும் ஒரு குடும்பம் தன் பொருள்களைக் கட்டிக்கொண்டு எழுகின்றது என்பதையும் அத்துறை கணக்கில் எடுத்தல் வேண்டும்.

அவ்வொப்படைக்கு நல்ல புள்ளியே கிடைத்தது. மனுவைப் பற்றி அதில் எழுதியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்குமோ அறியேன். எழுதவேண்டிய இடம் அதுவாகவே இருந்தது என்பதை இப்போது உணர்கின்றேன்.