இசைக்கு ஒரு மண்டபம்

காஞ்சி மாநகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றை அடுத்து, திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் உள்ளது. பெயரில் பருத்தி இருப்பினும், இவ்வூர்த் தறிகளில் ஓடும் இழை பட்டே ஆகும். சமணப் பெருமக்கள் இதனைச் சினகாஞ்சி என்பர். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் என்று வழங்கும் மண்டபம் ஒன்று உண்டு. கலை நிகழ்த்துதற்கென்றே எழுந்த அரங்குகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் நெஞ்சம் முதற்கண் இதனையே நாடும்.

இதனை எடுப்பித்தவன் விசயநகர அரசின் படைத்தலைவனும் அமைச்சனுமாகிய இருகப்பன். கட்டிய காலம் கி.பி. 1387-88. தன் ஆசிரியராகிய புட்பசேன முனிவர் பணித்தவாறே இதனை அவன் அமைத்தான். வாளேந்திய அக்கையே ‘நானார்த்த ரத்தினமாலை’ என்னும் வடமொழி நிகண்டினையும் எழுதியது. நிகண்டு கற்று வளர்ந்த எனக்கு அவன்பால் தனி அன்பு உண்டு, அது கிடக்க.

பள்ளியில் பணியாற்றிய நாளில் மாணவர்களை இங்கு அழைத்து வருவேன். “ஐயா, இத்தனை தூண்கள் மறைக்கின்றனவே, பின்னே இருப்பவர் எவ்வாறு காண்பர்?” என்று ஒருவன் வினவினான். நல்ல வினா! விடை கூறாமல், குரல் வளம் உடைய மாணவன் ஒருவனைத் தாழ்ந்த குரலில் பாடப் பணித்தேன். ஏனையோர் தூண்களிடையே சிதறி நின்றனர். பாடியவனை நாலைந்து பேரே கண்டனர்; பாட்டினை அனைவரும் கேட்டனர்.

காட்சிக்கு உரிய அரங்கின் இலக்கணம் வேறு. மாதவி ஆடிய அரங்கினைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளந்தே காட்டுகிறது. பெருவிரல் இருபத்து நான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் 7, நீளம் 8, தரையினின்று உயரம் 1. புகுவதற்கும் புறப்படுவதற்கும் இரு வாயில்கள், மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாவண்ணம் விளக்குகளை நிறுத்தினர் என்பதையும் இளங்கோவடிகள் சொல்ல மறந்தாரல்லர். நிழலுக்கும் அஞ்சிய கலை கூத்து. தூணுக்கும் அஞ்சாதது இசை!

கண்ணும் செவியும் வேண்டும் இடம் வெவ்வேறு என்பதை இக்காலத்தாரும் உணர்ந்துள்ளனர். சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற எஸ்பிளனேடு என்னும் தேசியக் கலை மாளிகையைக் காண்க. ஒரு கட்டடத்துள் இசைக்குச் சுமார் 1,600 இருக்கைகள் கொண்ட மன்றம் ஒன்று. நாடகத்திற்கும் நடனத்திற்கும் சுமார் 2,000 இருக்கைகள் கொண்ட அரங்கம் மற்றொன்று. இசைமன்றத்தின் மேடைக்கு மேலே ஏற்றவும் இறக்கவும் கூடிய விதானம் தொங்குகிறது. சுற்றிலும் உள்ள அறைகளின் கனத்த கதவுகளைத் திறந்தும் மூடியும், ஒலி நீண்டு ஒலிப்பதையும் விரைந்து அடங்குவதையும் அமைத்துக்கொள்கின்றனர். ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் கலா உற்சவத்தில் நம் நாட்டு இசையும் நடனமும் இடம்பெறுகின்றன.

நம் மண்டபத்தின் விதானமோ அசையாதது, ஆனால் பேசுவது. இடபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் முதலியோர் வரலாறுகள் அங்கே வண்ணத்தில் விரிகின்றன. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் பேரவையாகிய சமவசரணமும் அவற்றுள் ஒன்று. அப்பேரவையினுள் நாடகசாலைகளும் உண்டெனச் சமண நூல்கள் கூறும். எனவே, கீழே மாந்தர் கூடிய மண்டபம். மேலே அமரரும் விலங்கும் கூடிய மண்டபம்!

அவ்வோவியங்கள் பல இடங்களில் மங்கியும் உதிர்ந்தும் உள்ளன. பிற்காலத்தார் மேலே பூசிய வண்ணமும் சில இடங்களில் பழைய கோட்டினை மறைத்தது. இந்நிலையில், இங்கே மின்விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் நிறுத்திப் பெருவிழா எடுக்க வேண்டும் என்பார் உளர். அவர்தம் ஆர்வத்தை மதிக்கிறேன், கருத்துக்கு உடன்படேன். கல்லில் ஆணி அறைந்து கம்பி இழுப்பார்க்கு, மேலே உதிரும் வண்ணம் கண்ணில் படுமோ? பாட விழைவோர் பகற்பொழுதில் வந்து, உரியவரிடம் இசைவு பெற்று, வெறுங்குரலால் பாடுக. மாணவன் அன்று பாடியபோது கடைசித் தூணருகே நின்றவன் நான். ஒரு சொல்லும் எனக்குத் தப்பவில்லை.