மண்ணில் ஓர் ஈரம்

எங்கள் வீட்டுக் கடுவன் பூனையின் பெயர் கறுப்பன். மகள் ஒரு மழைநாளில் வேலியோரத்தில் இருந்து தூக்கி வந்த குட்டி. அவள் கலியாணம் முடித்துப் போன பிறகு வீட்டில் நானும் அவனும்தான்.

ஒருநாள் அவன் அடிக்கடி மண்ணைக் கிளறிக் குந்தினான். ஒன்றும் வரவில்லை. அனுங்கினான், பின்பக்கத்தை நக்கியபடியே இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு பகலை வீணாக்கிவிட்டேன். இரவு சத்தி எடுத்துச் சுருண்டு படுத்தபோதுதான் பயம் பிடித்தது. விடிந்ததும் ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன்.

"சலம் அடைச்சிருக்கு அம்மா. கடுவனுக்குச் சலம் போற வழி நல்ல ஒடுக்கம். சின்னக் கல்லுத்தூளும் சளியும் சேர்ந்தாலே அடைச்சுப்போடும். இன்னும் பிந்தியிருந்தா இதயம் நிண்டிருக்கும்" என்றார்.

மயக்கிக் குழாய் விட்டு, சேலைனும் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் குழாயைக் கழற்றி வீட்டுக்கு விட்டார்கள். "திரும்பவும் அடைக்கலாம். சலம் போகுதோ எண்டு பாருங்கோ. வயித்தை அமத்த வேண்டாம். மனிசற்றை குளிசை ஒண்டும் குடுக்க வேண்டாம். பனடோல் பூனைக்கு நஞ்சு."

கறுப்பனை அறைக்குள் வைத்து, ஒரு தட்டில் மண் நிரப்பினேன். மூன்று இடத்தில் தண்ணீர் வைத்தேன். சாப்பாட்டிலும் தண்ணீர் கூட விட்டுப் பிசைந்தேன். மகளின் பழைய கொப்பியில் நேரத்தையும், ஈரம் புளியங்கொட்டை அளவா, சிரட்டை அளவா என்பதையும் எழுதினேன்.

இரண்டாம் இரவு மூன்று தரம் குந்தினான்; துளிதான் விழுந்தது. விடிந்தால் திரும்பவும் கொண்டு ஓடவேணும் என்று ரோச் லைற்றுடன் பக்கத்தில் இருந்தேன். அதிகாலை 4.10க்கு மண்ணில் சிரட்டை அளவு ஈரம். கொப்பியில் எழுதும்போது கண் கலங்கிவிட்டது.

"ஒரு பூனைக்கு இவ்வளவு பாடோ?" என்று அயல்வீட்டு அக்கா கேட்டா. நான் ஒன்றும் சொல்லவில்லை. 2009 இல் முகாமில் அம்மா வருத்தமாய்க் கிடந்தபோது நான் தண்ணீர் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அவ இல்லை. ஒரு உயிரின் பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைப்பதே எனக்குப் பெரிய காரியம்.

கறுப்பன் இப்போது விறாந்தையில் வெயில் காய்கிறான். கொப்பி இன்னும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கடுவனும் குந்திக் குந்தி எழும்பினால், என்னைப்போல ஒரு பகல் பொறுத்திராதீர்கள். அன்றைக்கே கொண்டு போங்கள்.